சாராயம் கெடுதி என்றால் கஞ்சா நல்லதாகிவிடுமா?



பதிவு நீளம். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டுக் கீழே சண்டையைத் தொடங்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் 2004 செட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. கனடாவில் இருக்கும் தம்பி ஒருவர் தொடங்கிவைத்தார். பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். "சார், இங்க கஞ்சாவைக் கடையில பில் போட்டு வாங்கலாம். ஊரு ஒண்ணும் அழிஞ்சு போகல. நம்ம பக்கம் ஒரு பொட்டலம் வச்சிருந்தான்னு சின்னப் பையனைப் பிடிச்சு உள்ள போடுறாக. அதே ரோட்டுல கவர்மெண்டே கடை தொறந்து சாராயம் விக்குது. எது உடம்புக்கு ரொம்பக் கெடுதல்னு சயின்ஸ் வாத்தியார் நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான். இரவு பதினொரு மணி வரை குழு தூங்கவில்லை. காவல்துறையில் இருக்கும் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவர் சிவபெருமானை இழுத்துக்கொண்டு வந்தார், இன்னொருவர் சித்தர்களை. எப்போதும் பேசாத இரண்டு பெண்பிள்ளைகள் "ரெண்டையும் ஒழிக்கணும் சார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இங்கே எழுதினால் மற்ற செட்டுப் பிள்ளைகளும் நம் சொந்தக்காரர்களும் படிப்பார்களே என்றுதான் குழுவில் எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்புக் கணக்கு.

முட்டைச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்கருவைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதன் மேல் ஸ்பிரிட்டை விட்டதும் அடுப்பில் வைக்காமலே வெந்த மாதிரி வெளுத்துக் கட்டியாகும். வகுப்பே 'ஐயே' என்று கத்தும். வயிற்றுக்குள் இப்படி வேகாது என்று அப்போதே சொல்லியிருக்கிறேன். உள்ளே நடப்பது இதைவிட மெதுவானது. குடித்த ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். அப்புறம்தான் அது கெடுதல் இல்லாத பொருளாக மாறி வெளியேறுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தினமும் என்றால் கல்லீரலில் முதலில் கொழுப்பு படியும், அடுத்து அழற்சி, அதற்கடுத்துத் தழும்பு. தழும்பு விழுந்த இடம் வேலை செய்யாது. கல்லீரல் பெரும்பாலும் வலி காட்டாத உறுப்பு. தழும்பு முற்றும் வரைக்கும் ஆள் நன்றாகத்தான் நடமாடுவார்.

பரமக்குடியில் மிளகாய் கமிஷன் கடை வைத்திருந்த என் பெரியண்ணனை உறவுகளுக்கெல்லாம் தெரியும். மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி, நாலு பேரு படிக்கட்டும்" என்றார்கள்.

அண்ணன் ரோட்டில் விழுந்து கிடந்த ஆள் கிடையாது. கடையை அடைத்துவிட்டு ஒரு குவாட்டர், அதுவும் விலை கூடின பிராந்தி. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். சத்தம் கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதனால் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. 'அளவாக் குடிக்கிற மனுசன்' என்றுதான் ஊரில் பேர்.

அந்த அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குவாட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். மருத்துவர்கள் 'ஒரு டிரிங்க்' என்று சொல்வது பல நாடுகளில் 10 கிராம். ஆக, நம் ஆள் 'ஒண்ணே ஒண்ணு' என்று சொல்வது ஆறு. வருடத்துக்கு 22 கிலோ சுத்த ஆல்கஹால். அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் குடித்தார். பீர் என்றால் ஒன்றும் செய்யாது என்று நினைக்கும் இளவட்டங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 25 கிராமுக்கு மேல் வரும். 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருக்கும் 8 சதவீத பாட்டிலில் 41 கிராம். விலை கூடினதில் இருப்பதும் எத்தில் ஆல்கஹால்தான், குறைந்ததில் இருப்பதும் அதுதான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

அண்ணனுக்கு முதலில் கண் மஞ்சளானது. மஞ்சக்காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கால் வீங்கியது, பிறகு வயிற்றில் நீர் கோத்தது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்த வாந்தி. கல்லீரல் இறுகிப்போனால் அதன் வழியாகப் போக வேண்டிய ரத்தம் வழி கிடைக்காமல் உணவுக்குழாய் நரம்புகளில் முட்டும், அவை புடைத்து ஒரு நாள் வெடிக்கும். மதுரைக்குக் காரில் கொண்டுபோனோம். 2011 மாசி மாதம், 52 வயது. மதினிக்கு அப்போது 45.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பட்டியல். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று இடம் நீளுகிறது. 'தினமும் கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்று முன்பு பத்திரிகைகளில் வந்ததே, அதில் ஒரு கோளாறு. குடிக்காதவர்கள் என்று கணக்கெடுத்தவர்களில், நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவர் திடமாகத்தான் தெரிவார். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இனி கஞ்சா. கனடாத் தம்பி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. மதுவை அளவு மீறிக் குடித்து மூச்சு நின்று செத்தவர்கள் உண்டு. கஞ்சாவை அப்படி அளவு மீறிப் புகைத்து மூச்சு நின்று செத்தார் என்று கேள்விப்படுவது அபூர்வம். எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பில், மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர், பாங்கும் சேர்த்துக் கஞ்சா வகை பயன்படுத்துபவர்கள் சுமார் 3 கோடிப் பேர். அதை விட முடியாமல் அடிமையானவர்கள் மதுவில் 100க்கு 2.7 பேர், கஞ்சாவில் 400க்கு ஒருவர். நாட்டில் எது அதிக வீடுகளைக் கெடுக்கிறது என்று கேட்டால் பதில் மதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் தம்பி, அந்தக் கணக்கையே இன்னொரு பக்கம் திருப்பிப் பார். மதுவால் இவ்வளவு சேதம் ஏன்? பொருளின் குணம் பாதி. நடந்து போகிற தூரத்தில் கடை இருப்பது மீதிப் பாதி. கஞ்சாவை இன்று சிலர்தான் தொடுகிறார்கள், அதனால் சேதமும் சிறியதாகத் தெரிகிறது. எல்லா ஊரிலும் கிடைக்க ஆரம்பித்தால் 400க்கு ஒருவர் என்பது அப்படியே நிற்குமா?

அதோடு கஞ்சா தேர்ந்தெடுத்துத் தாக்கும் வயது வேறு. மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதை நெருங்கும். அதற்கு முன்பு தினமும் புகைப்பவர்களுக்கு, அதிலும் டி.எச்.சி. என்ற போதைச் சத்து அதிகமுள்ள சரக்கைப் புகைப்பவர்களுக்கு, மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் வராது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நம் ஒன்றியத்திலேயே இரண்டு வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்த பையன், திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டு, 'வெளிய என்னையப் பத்தித்தான் பேசுறாக' என்று காதைப் பொத்திக்கொள்வான். வீட்டார் செய்வினை என்று எலுமிச்சம்பழத்தோடு அலைவார்கள். கஞ்சா மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் 'அது வெறும் செடிதானே சார்' என்பவர்களுக்கு ஒன்று: ஊமத்தையும் செடிதான், அரளியும் செடிதான்.

சிவனையும் சித்தர்களையும் இழுத்தவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, சுத்தி செய்து, அளவு பார்த்து, நோய்க்கு மருந்தாக. அதை வைத்து, சாயங்காலம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து புகைப்பதற்கு உத்தரவு வாங்க முடியாது. கள்ளைப் பற்றியும் நம்மிடம் இரண்டு குரலும் இருக்கிறது. அதியமானோடு கள்ளுண்ட ஔவை ஒரு பக்கம், கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே எழுதிய வள்ளுவர் மறு பக்கம். நம் பாட்டன்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இரண்டு கட்சிக்கும் ஆள் கிடைப்பார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 1893–94இல் ஒரு ஆணையம் போட்டு, சுமார் 1,200 பேரை விசாரித்து, ஏழு தொகுதி அறிக்கை எழுதினார்கள். மிதமாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை, மிதமிஞ்சினால் கெடுதல், முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டு, அது கொடுத்த 25 வருட அவகாசம் முடியப்போகிற நேரத்தில், 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி கஞ்சா என்றால் செடியின் பூவும் காயும் உள்ள நுனி. தனியாக இலை அதில் சேராது. அதனால்தான் வடக்கே பாங்குக் கடைகள் இன்றும் உரிமத்தோடு நடக்கின்றன. ஒரே செடி, இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை!

ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் 'வணிக அளவு', குறைந்தது 10 வருடம், போனால் 20. அந்த அளவில் ஜாமீன் வாங்குவது மலையைக் கட்டி இழுக்கிற மாதிரி. குற்றம் செய்திருக்கமாட்டான் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று நீதிமன்றமே திருப்தி அடைந்தால்தான் உண்டு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகன், 20 வயது, இப்போது உள்ளே இருக்கிறான். ஊரும் பேரும் கேட்காதீர்கள். அவன் புகைக்கிற பையன் இல்லை. 'மண்டபம் பக்கம் ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுத்தா போதும்' என்று யாரோ காசு காட்டியிருக்கிறார்கள். 20 கிலோவுக்கு மேல். பதினாலு மாதமாக ரிமாண்ட். கொடுத்தனுப்பியவன் யார், வாங்க வேண்டியவன் யார் என்று எதுவும் வெளியே வரவில்லை. அந்தப் பெண் நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறது. வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறது.

கனடாவில் இருக்கிற தம்பிக்கு நம் கடற்கரை மறந்திருக்காது. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலிலும் லாரியிலும் இறங்கி, நம் மாவட்டத்துக் கரை வழியாகப் படகில் இலங்கைக்குப் போகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே நாளைக்கே சட்டத்தை மாற்றினாலும், அந்தக் கரையில் தடை இருக்கிற வரைக்கும் இந்தப் படகு ஓடத்தான் செய்யும், நம் பையன்கள்தான் பை தூக்குவார்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் கடத்தல் ஒழிந்துவிடும் என்ற வாதம் டொராண்டோவுக்குச் சரியாக இருக்கலாம். ராமநாதபுரத்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் கனடாவில் என்ன நடந்தது? 2018 அக்டோபர் 17 முதல் அங்கே அனுமதி. விளம்பரம் கூடாது, பாக்கெட்டில் படம் கூடாது, பெரும்பாலான மாகாணங்களில் 19 வயது, கியூபெக்கில் 21. கஞ்சா வைத்திருந்ததற்கான வழக்குகள் மளமளவென்று குறைந்தன. அது நல்லதுதான். மிட்டாய், கேக் என்று தின்னும் வடிவத்தில் விற்பனைக்கு வந்தபின், தெரியாமல் தின்ற சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது கூடியது. அதுவும் நடந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் ஏற்பாடு எதுவும் இல்லாமல் கதவைத் திறந்துவிட்டு, தெருவுக்குத் தெரு கடை முளைத்ததைப் பார்த்து, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று பின்வாங்கியது. நம் ஊரில் மதுவுக்கே 21 வயது விதி இருக்கிறது. அந்த விதி எப்படி நடக்கிறது என்று 2004 செட் பையன்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மனதில் இருக்கிற பெரிய தயக்கம் வேறு. விற்கிற கை யாருடையது என்பதுதான் அது.

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கலால் வருமானம் போகிறதே என்று ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். 1948இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். ஈடுகட்ட வந்த வரியும் தங்கிவிட்டது, போன சாராயமும் திரும்பி வந்துவிட்டது! 2023–24இல் மது வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்தக் கட்சி வந்தாலும் 'படிப்படியாக' என்கிறது. 2016இல் 500 கடை மூடினார்கள், 2017இல் 500, 2023இல் 500. வருமானம் குறையவில்லை.

கோபமாக எழுதவில்லை. ஒண்ணாம் தேதி என் கணக்கில் விழும் ஓய்வூதியத்திலும் அந்தப் பணம் கலந்துதான் வருகிறது. ரேஷன் அரிசியிலும், பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டிலும் கலந்திருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. குடிக்கிறவன் தனியாக அடிமையாகவில்லை, கஜானாவும் சேர்ந்தே ஆகியிருக்கிறது. குடியை விட்டவர் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், விடுவது எவ்வளவு பாடு என்று தெரியும். கஜானாவை யார் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது? இந்த நிலையில் இன்னொரு சரக்கையும் அரசு கையில் கொடுத்து, 'வரி போட்டு வித்துக்கங்க' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முழு மதுவிலக்கு கேட்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வலி எனக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அது மெத்தில் ஆல்கஹால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், கண் நரம்பை முதலில் பிடிக்கும். (அதை முறிக்க எத்தில் ஆல்கஹாலையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு என்பது வேதியியலின் வேடிக்கை.) அரசுக் கடை திறந்திருக்கும்போதே அது நடந்தது, ஏனென்றால் பாக்கெட் விலை குறைவு. கடையை ஒரே ராத்திரியில் மூடினால் அந்தப் பாக்கெட்டுக்கு வாடிக்கையாளர் கூடுவார்கள். கடையையும் நேரத்தையும் குறைத்து, கூடவே சிகிச்சைக்கு இடத்தையும் கூட்டினால்தான் மூடுவது மூடுவதாக இருக்கும்.

ஆக என் பதில் இதுதான், தம்பி. கஞ்சாவை விற்கவும் வேண்டாம், ஒரு பொட்டலத்துக்காகப் பையனைச் சிறைக்கு அனுப்பவும் வேண்டாம். போர்ச்சுகல் 2001இலிருந்து அப்படித்தான் செய்கிறது. விற்பது குற்றம்தான். சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைச் சிறைக்குப் பதிலாக மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவிடம் அனுப்புகிறார்கள். நம் சட்டத்திலும் ஒரு சன்னல் இருக்கிறது. 64ஏ பிரிவு: போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு வழக்கில், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டுவிட்டு ஓடினால் விலக்கு போய்விடும். வக்கீலாக இருக்கும் நம் பிள்ளைகள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். கேட்டு வருகிற பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

உறவுகளுக்கு அவசரமாக ஒன்று. தினமும் குடித்துக்கொண்டிருப்பவர் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவது நம் பக்கம் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்காகக் குடித்த உடம்பு அதைத் தாங்காது. இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிதற்றல் வரும். சாமி வந்துவிட்டது, காத்துக் கருப்பு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உயிர் போகிற காரியம், உடனே ஆஸ்பத்திரி. நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்தால் மாத்திரையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள், மதுவுக்கும் கஞ்சாவுக்கும் அதே எண்தான். கூச்சமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள், நான் கூட வருகிறேன். இதுவரை நாலு பேரோடு போயிருக்கிறேன்.

கடைசியாக, மே மாதம் 2004 செட் சந்திப்பு பற்றி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் 'தனி ஏற்பாடு' என்று குழுவில் ஒருவர் ஜாடையாகப் போட்டிருந்ததை நானும் பார்த்தேன். அப்படியென்றால் நான் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவேன். இல்லையென்றால் சாயங்காலம் வரை இருக்கிறேன். மே மாதம் சாயல்குடிப் பக்கம் பதநீர் கிடைக்கும், நூறு பேருக்குச் சொல்லிவைத்தால் விடியற்காலையே இறக்கிக் கொடுப்பார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடவாமல் இறக்கியது பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் கள்ளாகிவிடும்.